பச்சைக் கொத்து தொங்கும் வாசல்

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் சிற்றூர்களில் திராட்சை விவசாயிகள் நம்மைத் தங்கள் வீட்டு அறையிலேயே உட்காரவைத்து, தாங்கள் செய்த ஒயினை ஊற்றிக் கொடுப்பார்கள் என்று இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். மோசல் வந்து ரைன் நதியில் கலக்கும் கோப்லென்ஸ் நகரத்தில் நான் குடியேறி 19 வருஷம் ஆகிறது. இத்தனை நாள் இந்தப் பத்தியில் நான் எழுதிய எதற்கும் இவ்வளவு கடிதங்கள் வந்ததில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரை வாசகி: மகள் பிராங்பர்ட்டில் வேலை பார்க்கிறாள். நானும் கணவரும் இலையுதிர் காலத்தில் போகிறோம். கப்பல், கோட்டை, ஒயின் ருசி எல்லாம் சேர்ந்த ஒருநாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யட்டுமா என்று கேட்கிறாள். நீங்களோ சின்ன வீடுகளுக்குப் போகச் சொல்கிறீர்கள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

கப்பலில் போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கோகெம் கோட்டையை ஆற்றிலிருந்து பார்ப்பது தனி அழகு. ஆனால் ஒயினுக்கு மட்டும் வேறொரு நாள் ஒதுக்குங்கள். பெரிய கூடத்தில் ஊற்றுகிறவர் அங்கே வேலை பார்ப்பவர். ‘இந்தக் கொடிக்கு எத்தனை வயசு?’ என்று கேட்டால் கையிலுள்ள தாளைப் பார்த்துச் சொல்வார். சின்ன வீட்டில் உங்களுக்கு ஊற்றுகிறவர்தான் அந்தக் கொடியைக் கவாத்து செய்தவர், பழத்தைப் பறித்தவர், பிழிந்தவர், இரவில் எழுந்துபோய் பீப்பாயில் காதை வைத்து நுரைக்கும் சத்தம் கேட்டவர்.

நான் முதன்முதலில் ஒயினை ருசித்தேன் என்று சொல்லத்தக்க நாள் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நவம்பர் முதல் வாரம். அறுவடை முடிந்திருந்தது. பெர்ன்காஸ்டலிலிருந்து ஆற்றின் போக்கிலேயே போனால் கிராஹ், வேலன், ட்ஸெல்டிங்கன், ஊர்ட்ஸிக் என்று வரிசையாக ஊர்கள் வரும். அதில் ஓர் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வீட்டுக்கு என் தோழி கூட்டிப்போனாள். சமையலறையை ஒட்டிய அறை. பூப்போட்ட மேசைவிரிப்பு, ஆறு நாற்காலி, ஓரத்தில் ஒரு தையல் மெஷின். மேசைமேல் இரண்டு கற்கள் இருந்தன. ஒன்று கருநீலப் பலகைக்கல், இன்னொன்று செங்கல் நிறம். ஏதோ அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு கோப்பையில் ஊற்றினார். இரண்டும் ஒரே வருஷம், ஒரே ரீஸ்லிங் திராட்சை, பிழிந்ததும் ஒரே கை. கொடி நின்ற நிலம் மட்டும்தான் வேறு. முதல் கோப்பையில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் கலந்த மணம், நாக்கின் இருபக்கமும் சுரக்கிற புளிப்பு. இரண்டாவது அதைவிடப் பூரிப்பாக, பழுத்த பழமாக இருந்தது. விழுங்கிய பிறகு இஞ்சி மாதிரி லேசான காரம் நின்றது. அது ஊர்ட்ஸிக்கின் செந்நிலத்தில் விளைந்தது. அந்தச் சரிவுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வூர்ட்ஸ்கார்ட்டன், அதாவது மசாலாத் தோட்டம்.

அப்புறம் அந்த அம்மா நீலக் கல்லை எடுத்து, குழாயடியில் காட்டி நனைத்து, என் மூக்குக்கு நேராக நீட்டினார். கோடை முடிந்து முதல் மழை விழும்போது எங்கள் வீட்டுக் கல்திண்ணையிலிருந்து எழும்புமே, அதே வாசனை! ‘இப்போது முதல் கோப்பையை மறுபடி முகர்ந்து பார்’ என்றார். முகர்ந்தேன். பழ வாசனைக்கு அடியில் அந்த மழைக்கல் இருந்தது. கல்லின் சுவை அப்படியே பழத்தில் ஏறிவிடுமா என்று கேட்டால், விஞ்ஞானிகள் அவ்வளவு நேராக ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு கோப்பைக்கும் வித்தியாசம் இருந்தது, அது என் நாக்குக்குத் தெரிந்தது. அதற்குமேல் நான் வாதாட வரவில்லை.

கிளம்பும் நேரத்தில், நிலவறையிலிருந்து பூசணம் கறுத்துப்போன ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். 1990ஆம் வருஷத்தது. அவருடைய மாமியார் கடைசியாகக் கூடை சுமந்த அறுவடையாம். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் திடுக்கிட்டேன். மண்ணெண்ணெய் வாசனை! பாட்டி வீட்டு அரிக்கேன் விளக்கைத் துடைத்துவைக்கும்போது வருமே, அதேதான். வயதான ரீஸ்லிங்குக்கு அந்த மணம் இயல்பு, தெரிந்தவர்கள் அதைத் தேடிக் குடிக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். வாயில் வைத்தால் தேன், உலர்ந்த ஆரஞ்சுத் தோல். மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தன் கோப்பையில் ஒரு விரற்கடை ஊற்றிக்கொண்டார். அந்த ஒரு பாட்டிலுக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை.

இதற்காகத்தான் சின்ன வீடுகளுக்குப் போகச் சொல்கிறேன்.

சேலம் வாசகர்: ஒயின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தப்பாக எதையாவது செய்து அசிங்கப்பட்டுவிடுவோமோ என்று தயக்கம். எப்படிச் சுவைப்பது?

தயங்கவே வேண்டாம். ‘எனக்கு இது புதிது’ என்று சொல்லுங்கள், அவர்களுக்கு அதைவிட சந்தோஷம் வேறில்லை. கோப்பையை அடித்தண்டில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் வெதுவெதுப்பாகிவிடும். ஒரு சுற்றுச் சுழற்றி முகருங்கள். சின்ன வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். மேசைமேல் ஒரு ஜாடி இருக்கும், அதில் துப்பலாம். ஊற்றியவர் முன்னாலேயே துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. ருசி பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

என்ன ருசி என்று கேட்பார்கள். புத்தகத்தில் படித்த சொல்லைத் தேடாதீர்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி, விளாம்பழ ஓட்டை உடைத்த மாதிரி, மாதுளைத் தோலின் துவர்ப்பு மாதிரி என்று உங்கள் வாய் அறிந்ததைச் சொல்லுங்கள். நான் ஒரு வீட்டில் நெல்லிக்காயைப் பற்றிச் சொல்லப்போய், அந்த விவசாயி அது என்ன காய், எப்படிச் சாப்பிடுவீர்கள், தேனில் ஊறப்போடுவீர்களா என்று அரைமணி நேரம் விசாரித்தார்.

பாட்டில்மேல் எழுதியிருப்பதில் ஒன்றிரண்டு தெரிந்தால் போதும். ‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பு இல்லாதது. ‘ஃபைன்ஹெர்ப்’ ஓரளவு இனிப்பு. கபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்பவை பறிக்கும்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதைக் குறிப்பவை. பழச்சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் சாராயச் சத்து உண்டாகிறது. பாதியில் நிறுத்திவிட்டால் சர்க்கரை மிஞ்சும், போதை குறையும். அதனால்தான் இனிப்பான கபினெட் 8 சதவீதத்தில் நிற்கிறது. அதே பழத்தை ட்ரோக்கனாகச் செய்தால் 11, 12 வரை போகும். நம் ஊர் நாக்குக்கு, அதுவும் முதல் தடவை என்றால், இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும் கபினெட்டில் ஆரம்பியுங்கள் என்பேன். மோசல்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த நல்ல விஷயம் அது.

தஞ்சாவூர் வாசகி: நான் குடிப்பதில்லை, சுத்த சைவம் வேறு. கணவர் உள்ளே போனால் நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

வாசலில் எதற்கு? நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். பல வீடுகளில் தங்கள் தோட்டத்துத் திராட்சையைப் பிழிந்து புளிக்கவைக்காத சாறாகவே பாட்டிலில் வைத்திருப்பார்கள். ‘ட்ரௌபன்சாஃப்ட்’ என்று கேளுங்கள். மோசலுக்கே உரிய இன்னொன்று, திராட்சைச் சரிவுகளில் வளரும் பீச் பழம். வெளியே சாம்பல் பூத்தது போல் இருக்கும், உள்ளே பீட்ரூட் சிவப்பு. பச்சையாகத் தின்னச் சுமார்தான், ஜாம் காய்ச்சினால் அமிர்தம். ஊருக்கு எடுத்துப்போகவும் ஏற்றது.

இரண்டு எச்சரிக்கை. இலையுதிர் காலத்தில் ‘ஃபெடர்வைஸர்’ என்று வெள்ளையாகக் கலங்கலாக, சாறு போலவே ஒன்று கிடைக்கும். அது நுரைத்துக்கொண்டிருக்கும் புது ஒயின். நம் கள் எப்படியோ அப்படி. காலையில் ஒரு ருசி, மாலையில் ஒரு ருசி, மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கும். இனிக்கிறதே என்று சாறாக நினைத்துக் குடித்துவிடாதீர்கள். அதோடு சூடாக வெங்காய அடை ஒன்று கொண்டுவருவார்கள். வாசனை ஆளை இழுக்கும், ஆனால் பெரும்பாலும் அதில் பன்றி இறைச்சித் துணுக்கு கிடக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எங்கும் உண்டு.

திருநெல்வேலி வாசகர்: குடும்பமாகப் படிக்கிற பத்திரிகையில் மதுவைப் பற்றி இப்படி ஆசையாக எழுதலாமா? நம் ஊரில் குடியால் எத்தனை வீடு அழிந்திருக்கிறது என்பது தெரியாதா?

தெரியும் ஐயா. கம்பத்தில் எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். சம்பளத்தன்று இரவு பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து படுப்பார். அந்தப் பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் கேள்வியை மதிக்கிறேன். யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. குடிக்காதவர்கள் அப்படியே இருங்கள்.

நான் எழுதியது ஒரு விளைபொருளைப் பற்றி. அந்த அறைகளில் மூன்று மணி நேரத்தில் ஆறு வகை ருசி பார்ப்போம். எல்லாம் சேர்ந்து ஒரு முழுக் கோப்பை தேறினால் அதிகம். நடுவில் தண்ணீர், ரொட்டி, பேச்சு. அளவு மீறி ஒருவர் கேட்டால் ஊற்ற மறுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்து வீட்டுக் கொடுமையையும் இதையும் ஒரே சொல்லால் ‘குடி’ என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நீங்கள் ஒப்ப மறுத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

கோவை வாசகர்: படங்களில் அந்தச் சரிவுகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சமவெளியை விட்டுவிட்டு எதற்கு அங்கே போய்ப் பயிர் செய்கிறார்கள்?

வெயிலுக்காக. ஏறக்குறைய 50 பாகை வடக்கில் இருக்கிற இடம் இது. தெற்கு பார்த்த சரிவில்தான் வெயில் நேராக விழும். பகலெல்லாம் சூடேறிய பலகைக்கல், நம் மொட்டைமாடித் தரை போல, இருட்டிய பிறகும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஆற்று நீரும் ஒளியைத் திருப்பி அடிக்கும். இத்தனையும் சேர்ந்தால்தான் ரீஸ்லிங் கனிகிறது. சமவெளியில் போட்டால் இவ்வளவு நன்றாகக் கனியாது.

பிரெம் ஊரில் இருக்கிற கால்மோன்ட் சரிவு 65 பாகை வரை செங்குத்து. டிராக்டர் ஏறாது. பாறையில் ஒற்றைத் தண்டவாளம் அடித்து, அதில் ஒரு சின்ன வண்டியில் ஆளும் கூடையும் ஏறுகின்றன. மற்றபடி கவாத்து, கட்டு, பறிப்பு எல்லாம் கைவேலை. ஒவ்வொரு கொடிக்கும் ஊன்றிய ஒரு கம்பு. இரண்டு கிளையை வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். கிழவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, முட்செடி மண்டிக் கிடக்கும் சரிவுகளையும் இப்போது நிறையப் பார்க்கலாம். பெரிய கடையில் மூன்று யூரோவுக்கு ஒரு பாட்டில் பார்த்தீர்களானால், அது இந்தச் சரிவில் விளைந்தது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விவசாயிகளின் கஷ்டம் பழைய கதை. கார்ல் மார்க்ஸ் 1818-ல் பிறந்தது இதே மோசல் கரையில், ட்ரியர் நகரத்தில். 1843 ஜனவரியில், தான் ஆசிரியராக இருந்த கொலோன் பத்திரிகையில் மோசல் திராட்சை விவசாயிகளின் வறுமையைப் பற்றி எழுதினார். பிரஷ்ய அரசு அந்தப் பத்திரிகையையே அந்த வருஷம் மூடவைத்தது. பொருளாதாரத்தைப் படிக்கத் தன்னை முதலில் தள்ளியவற்றில் இந்த விவசாயிகளின் நிலைமையும் ஒன்று என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ட்ரியரில் அவர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிற நம் ஊர்த் தோழர்கள், அப்படியே ஒரு விவசாயி வீட்டுக்கும் போய் வாருங்கள்.

டோர்ட்மண்ட் வாசகர்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன், ஒருநாளும் மோசல் பக்கம் போகவில்லை. எந்த வீடு திறந்திருக்கிறது என்று எப்படி அறிவது? சொல்லாமல் கொள்ளாமல் போகலாமோ?

இரண்டு வகை இருக்கிறது அண்ணா. ஒன்று வெறும் ருசி அறை. அதற்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை சொல்லாமல் போய்ப் பட்டிருக்கிறேன். அக்டோபர் நடுவில், ஊரிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் பயணம் செய்து போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் எல்லோரும் சரிவில் பறித்துக்கொண்டிருந்தார்கள். அறுவடையை விட்டுவிட்டு யார் நமக்கு ஊற்ற வருவார்கள்? மழைத் தூறலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றதுதான் மிச்சம். தப்பு என்னுடையது.

இன்னொன்று ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட். விவசாயி தன் முற்றத்திலோ கொட்டகையிலோ வருஷத்தில் அதிகபட்சம் நான்கு மாதம், அதிகபட்சம் 40 இருக்கை போட்டு, தன் ஒயினையும் எளிய சாப்பாட்டையும் விற்கலாம். அதற்கு உணவக உரிமம் தேவையில்லை. திறந்திருப்பதற்கு அடையாளம் வாசலில் கட்டிய பச்சைக் கொத்து. கோயில் கொடைக்கு வேப்பிலை கட்டின தெருவைப் பார்த்ததும் தெரிந்துவிடுமே, அது போல. கொத்து தொங்கினால் யாரையும் கேட்காமல் உள்ளே போகலாம். மேசையில் இடம் இருந்தால் தெரியாதவர் பக்கத்திலும் உட்காரலாம். அங்கே அதுதான் வழக்கம். உங்களுக்கு மொழி கைவசம் இருக்கிறது. என்னைவிட இரண்டு மடங்கு கதை கேட்டு வருவீர்கள்.

சென்னை வாசகர்: ருசி பார்த்தால் வாங்கியே ஆக வேண்டுமா? ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? காரில் போகலாமா?

ருசிக்குத் தனிக் கட்டணம் உண்டு. நான் போன வீடுகளில் ஐந்தாறு வகைக்குப் பத்திலிருந்து இருபது யூரோ. கட்டணம் கொடுத்துவிட்டால் கட்டாயம் இல்லை, ஆனாலும் இரண்டு பாட்டிலாவது வாங்குங்கள். உங்களுக்காக ஆறு பாட்டில் திறந்திருக்கிறார்கள். பிடித்ததை மட்டும் வாங்குங்கள். பிடிக்காததை மரியாதைக்கு வாங்கினால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இந்தியாவுக்கு ஒருவர் 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம், அதாவது இரண்டு முழு பாட்டில். கைப்பையில் விட மாட்டார்கள். துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். கார் ஓட்டுகிறவர் திராட்சைச் சாறோடு நிறுத்திக்கொள்ளட்டும். கோப்லென்ஸ், ட்ரியர் இடையே ரயில் இருக்கிறது. புல்லாய் நிலையத்தில் மாறினால் ட்ராபன்-ட்ரார்பாஹ் வரை சின்ன ரயில் போகும். பெர்ன்காஸ்டலுக்கு ரயில் கிடையாது, விட்லிஹ் நிலையத்திலிருந்து பேருந்து.

சின்னமனூர் வாசகி: நீங்கள் கம்பத்துக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். நம் பன்னீர் திராட்சையைப் பற்றி அங்கே யாரிடமாவது சொன்னீர்களா?

சொன்னேன் அம்மா, அந்த நீலக்கல் வீட்டில்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் போனில் காட்டினேன். எங்கள் அப்பா தோட்டத்துப் பந்தலின் படமும் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். தலைக்குமேல் கொடி படர்ந்திருக்க, கீழே நின்று அண்ணாந்து பறிப்பதை அவர் பார்த்ததே இல்லை. ‘கழுத்து வலிக்காதா?’ என்றார். வலிக்கும் என்றேன். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் என்றதும் நம்பவே இல்லை.

‘ஆனால் இலையெல்லாம் மேலே, பழம் கீழே தொங்குகிறதே. வெயில் எப்படிப் படும்?’ என்று கேட்டார்.

‘வெயில் படக்கூடாது என்றுதான் பந்தலே போடுகிறோம்’ என்றேன்.

வாழ்நாள் முழுக்க வெயிலுக்காகவே மலை ஏறியவர் அவர். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார். போன மாதம் போனபோது, அந்தப் படத்தின் ஒரு பிரதி இரண்டு கற்களுக்கும் நடுவில் சட்டம் போட்டு நின்றது.